நர்ஸ் என்றால் குதிரை!

போன வருஷம் ஐப்பசி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த நாட்கள். கம்பளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கொமியுனிகேஷன் கடையில் நான் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி, பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம், பிள்ளைகளின் பாடசாலை ஒப்படை என்று எல்லாம் ஒரே அறைக்குள் நடக்கும் கடை. ஒரு வெள்ளிக்கிழமை அங்கே நான் செய்த ஒரு காரியமும், அடுத்த புதன்கிழமை அதற்காக நான் ஓடிய ஓட்டமும்தான் இந்த அனுபவம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தலைக்கனம் அதைவிட நீளம். கண்டியில் ஆங்கில டிப்ளோமா முடித்தவள். கடைக்கு வருகிறவர்கள் "மிஸ், இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கடிதத்தை நீட்டும்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வரும். நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் டவுனுக்குக் குடிவந்து பல வருஷமாகிவிட்டதால், அதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓர் அக்கா வந்தார். நாற்பதைத் தாண்டியிருப்பார். படி ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். அடையாள அட்டையையும் ஒரு கடிதத்தையும் கொப்பி எடுக்கக் கொடுத்தார். பிறகு போகாமல் நின்றார்.

"மிஸ், இன்னொரு வேலை இருக்கு. உங்களால முடியுமா?"

என்னால் முடியுமாவா! என்னவென்று கேட்டேன்.

கண்டிக்கு அந்தப் பக்கம் குண்டசாலையில் ஒரு பெரிய சலவை நிலையம். ஹோட்டல்களின் கட்டில் விரிப்பு, துவாய் எல்லாம் அங்கேதான் கழுவப் போகிறது. அங்கே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அலுமாரி, பை, மெஷின் என்று எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்குமாம். அதனால் சின்னதாக ஒரு பரீட்சை வைக்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள். ஒன்றிரண்டு கட்டத்தில் எழுத்து இருக்கும். மற்றதை நிரப்பிச் சொல்லாக்க வேண்டும். பக்கத்தில் தமிழிலோ சிங்களத்திலோ அர்த்தம் எழுத வேண்டும்.

"எல்லாமே அஞ்சு எழுத்துச் சொல்லுதான் மிஸ். எஸ் இல்லாட்டி ஈ கட்டாயம் இருக்குமாம். போன தடவை நான் எழுதி பெயிலாயிட்டேன். ரெண்டு தடவைக்கு மேல எடுக்க மாட்டாங்க. வாற புதன்கிழமை பத்து மணிக்கு. இதுதான் கடைசி."

நான் கேட்காமலே மீதியையும் சொன்னார். கணவர் மரத்தில் கிளை வெட்டப் போய் விழுந்து மூன்று வருஷமாகப் படுக்கை. மகள் இரண்டாம் வகுப்பு. மலையில் கொழுந்து பறித்துத்தான் குடும்பம் ஓடுகிறது. முட்டி போய்விட்டதால் இனி மலை ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வேலை கிடைத்தால் கம்பெனி பஸ் கம்பளைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகுமாம். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. அதைச் சொல்லும்போது சிரித்தார். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இதெல்லாம் ஒரு வேலையா அக்கா? இருங்க, அரை மணி நேரத்துல தர்றேன்" என்றேன்.

இணையத்தில் தேடினால் ஐந்தெழுத்துச் சொற்களுக்கா பஞ்சம்? எஸ், ஈ உள்ளவையாகப் பார்த்து நூற்று இருபது சொற்களைப் பொறுக்கினேன். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ் அர்த்தம். சலவைக்குத் தேவைப்படும் 'ஷீட்', 'டவல்', 'ஸ்டெயின்', 'ஸ்டீம்' எல்லாவற்றையும் மறக்காமல் சேர்த்தேன். உண்மையாகவே நன்றாகச் செய்தேன். திரையை எட்டிப் பார்த்த அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"மிஸ், இத ஏ பி சி வரிசையில போட்டுத் தருவீங்களா? தேடுறதுக்கு லேசா இருக்கும்."

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். அக்காவின் கடிதத்தை முதலில் கொப்பி எடுத்தபோது நடுவில் ஒரு கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. இரண்டாவது தரம் எடுத்துக் கொடுத்திருந்தேன். அந்தப் பழுதான தாள் மேசையில் கிடந்தது. அவர் அதைத் தூக்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஆட்டினார்.

"கண்ணு எங்க இருக்கு உனக்கு? மெஷின துடைச்சுட்டுப் போடுன்னு எத்தன தடவை சொல்றது? இனி ஒரு பிழை வந்துச்சு, நாளையில இருந்து வீட்டுலயே இரு!"

கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். எனக்கு முகம் சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிடக் கூடாதே என்று திரையை முறைத்துக்கொண்டே ஆங்கிலச் சொற்களை மட்டும் தெரிவு செய்து வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினேன். பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து நகர்த்தவா என்று கணினி ஒரு சிறிய பெட்டியில் கேட்டது. அது கேட்கத்தான் செய்தது, நான்தான் வாசிக்கவில்லை. கைக்கு வந்ததை அழுத்திவிட்டேன்.

கணினி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆங்கிலச் சொற்கள் எல்லாம் அழகாக ஏ பி சி வரிசைக்கு ஓடிப் போய் நின்றுவிட்டன. தமிழ் அர்த்தங்கள் அசையாமல் பழைய இடத்திலேயே இருந்தன. நூற்று இருபது சொல்லுக்கும் அடுத்தவன் வீட்டு அர்த்தம். நான் ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. நாலு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து ஸ்டேப்பிள் அடித்துக் கொடுத்தேன். கொடுத்ததோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அப்படியே பாடமாக்குங்க அக்கா. அங்க இங்க கேட்டுக் குழப்பிக்காதீங்க. இதுல உள்ளதுதான் சரி."

அவர் இரண்டு கையாலும் வாங்கி, நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் இறங்கினார்.

புதன்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்தேன். முதல் ஆளாக ஒரு முஸ்லிம் அன்ட்டி வந்தார். எங்கள் கடைக்கு வழக்கமாக வருகிறவர். மகளுக்குப் பாடசாலையில் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் எழுதி வரச் சொன்னார்களாம், அர்த்தத்தோடு. "ரெடியாவே இருக்கு அன்ட்டி" என்று பெருமையாக அதே கோப்பைத் திறந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"மகள், இதென்ன? நர்ஸ் எண்டா குதிரையா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல் தொடர்ந்து வாசித்தார்.

"ஷீட் எண்டா கரண்டி. டவல் எண்டா படிக்கட்டு. ஸ்பூன் எண்டா சிலுவை. யா அல்லாஹ், என்ட புள்ள இத எழுதிக்கொண்டு போனா டீச்சர் என்னையில்லயா கூப்பிட்டு அனுப்புவா!"

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு சொல்லுக்குக்கூட சரியான அர்த்தம் இல்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, என்ன கோளாறு என்றுதான் பார்த்தேன். அடுத்த கணம் அந்த அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. ஐந்து நாட்களாக அவர் இதைத்தான் பாடமாக்கியிருக்கிறார். யாரிடமும் கேட்காதே என்று வேறு சொல்லியிருக்கிறேன். இன்றைக்குப் பத்து மணிக்குப் பரீட்சை. மணி எட்டுப் பத்து.

அன்ட்டியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் தலையில் கையை வைத்தார். பிறகு, "அழுது என்ன செய்யிற? அந்த மனிசிட விலாசம் ஈக்கிதா?" என்றார்.

எங்கள் கடையில் பழுதான தாளை வீசுவதில்லை. பின்பக்கத்தில் கணக்குப் போட, பேனா எழுதுகிறதா என்று பார்க்க உதவும் என்று மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில் போட்டு வைப்போம். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அதைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினோம். கறுப்புக் கோடு விழுந்த அந்தக் கடிதம் கிடைத்தது. பரீட்சைக்கு வரச் சொன்ன கடிதம்தான் அது. சலவை நிலையத்தின் விலாசமும் இருந்தது, அக்காவின் தொலைபேசி எண்ணும் இருந்தது.

அழைத்தேன். ஓர் ஆண் குரல். அவருடைய கணவர். படுக்கையில் இருப்பவருக்குத் தேவைப்படும் என்று அக்கா போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அவ ஆறு மணி பஸ்ஸுக்கே போயிட்டாளே. நீங்க யாருங்க?"

"பிரிண்ட் கடையில இருந்து..."

"அந்தப் பேப்பர் அடிச்சுக் குடுத்த மிஸ்ஸா? நல்லா இருப்பீங்க மிஸ். அஞ்சு நாளா எங்க லயமே அந்தப் பேப்பரோடதான் கெடக்கு."

அவர் மனதார வாழ்த்துகிறார். என்ன சொல்வது? "சரிங்க அண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கடையைப் பூட்டிவிட்டுப் போனால் முதலாளி கொன்றே போடுவார். போகாவிட்டால் நான் மனுஷியே இல்லை. அன்ட்டி என் குடையை எடுத்து என் கையில் திணித்தார். "நீங்க போங்க மகள். ஒங்கட முதலாளி வாற வரைக்கும் நான் இங்க ஈக்கிறேன். ஆள் வந்தா இரிக்கச் சொல்றேன். ஓடுங்க!" கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார். அந்த உதவிக்கு இன்றுவரை நான் சரியாக நன்றி சொல்லவில்லை.

சரியாக எட்டரைக்குக் கண்டி பஸ்ஸில் ஏறினேன். நின்றுகொண்டுதான் போனேன். பேராதனை வரை நன்றாகத்தான் போயிற்று. கெட்டம்பே பக்கம் வந்ததும் வாகனங்கள் அப்படியே நின்றுவிட்டன. மழை வேறு. பஸ் ஓர் அடி நகரும், பத்து நிமிஷம் நிற்கும். கண்டக்டரிடம் ஏன் நிற்கிறது என்று மூன்று தரம் கேட்டுவிட்டேன். நாலாவது தரம் அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

அந்தப் பஸ்ஸில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுப்படியில் நின்றுகொண்டு அந்த அக்கா "டவல், படிக்கட்டு... டவல், படிக்கட்டு..." என்று முணுமுணுப்பது காதில் கேட்டது. கட்டிலில் கிடந்தபடி கணவர் தாளைப் பார்த்துச் சரிபிழை பிடித்திருப்பார். பிழை எங்கே பிடிக்கிறது? தாளே பிழை. பெயிலானால்கூட தன் தலையில்தான் ஒன்றும் ஏறவில்லை என்று நினைத்துக்கொள்வாரே தவிர, என் தாள்தான் பிழை என்று அவருக்குத் தெரியவே போவதில்லை. அதுதான் என்னை அதிகமாக அறுத்தது. பிள்ளையாரே, பரீட்சை பிந்தித் தொடங்கட்டும், மின்சாரம் போகட்டும், கேள்வித் தாள் நனையட்டும் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் வேண்டினேன்.

கண்டியில் இறங்கும்போது பத்து மணி ஆகிவிட்டது. ஓர் ஓட்டோவில் பாய்ந்து ஏறி, "குண்டசாலை, கெதியா போங்க அண்ணே" என்றேன். தென்னகும்புரப் பாலம் தாண்டி அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்போது பத்து இருபத்தைந்து. வாசலில் நின்ற காவல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குடையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, தலை நனைந்து, கையில் அந்தக் கோடு விழுந்த கடிதத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறேன். பரீட்சைக்குப் பிந்தி வந்தவள் என்று நினைத்துவிட்டார். "ஓடு நங்கி, தொடங்கிவிட்டது!" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்துச் சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டுவிட்டார்.

பெரிய அறை. சவர்க்கார வாசம். பிளாஸ்டிக் கதிரைகளில் இருபது இருபத்தைந்து பெண்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற மேற்பார்வையாளர் அம்மா என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, ஒரு கேள்வித் தாளை என் கையில் வைத்து, கடைசி வரிசையைக் காட்டினார். பேசக் கூடாது என்று உதட்டில் விரலை வைத்தார். நானும் பேயறைந்தவள் மாதிரி போய் உட்கார்ந்தேன்.

அக்கா எனக்கு மூன்று வரிசை முன்னால் இருந்தார். நனைந்த குடை கதிரைக்குப் பக்கத்தில். அவர் நிற்காமல் எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கூரையைப் பார்க்கிறார்கள், பேனாவைக் கடிக்கிறார்கள். இவர் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. ஐயோ, எவ்வளவு நன்றாகப் பாடமாக்கியிருக்கிறார்! கேள்வித் தாளைப் பார்த்தேன். நாலாவது கேள்வியில் முதல் கட்டத்தில் டி, நாலாவது கட்டத்தில் ஓர் ஈ. 'டவல்' என்று உடனே தெரிந்தது. பக்கத்தில் அர்த்தம் எழுத ஒரு கோடு. அங்கே அவர் 'படிக்கட்டு' என்று எழுதியிருப்பார்.

தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

சிங்களத்தில்தான் பேசினேன். நான் பரீட்சை எழுத வந்தவள் இல்லை, அதோ இருக்கும் அக்காவுக்குச் சொற்பட்டியல் செய்து கொடுத்த கடைக்காரி, கணினியில் நான் விட்ட பிழையால் எல்லா அர்த்தமும் மாறிவிட்டது, அவர் அதைத்தான் பாடமாக்கியிருக்கிறார், பிழை முழுக்க என்னுடையது, அவரைப் பெயிலாக்க வேண்டாம், இன்னொரு நாள் கொடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்காவும் திரும்பினார். அவர் கண் பெரிதானது. வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார். எனக்கு அது விளங்கவில்லை.

மேற்பார்வையாளர் அம்மா அக்காவிடம் போய்த் தாளை வாங்கினார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ்த் தாள்களைத் திருத்த வேறொருவர் பிறகு வருவாராம். அதனால் என்னைக் கூப்பிட்டு, நீயே பார், நீ சொன்ன மாதிரி பிழையாகவா இருக்கிறது என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன்.

'டவல்' - துவாய். 'ஷீட்' - விரிப்பு. 'ஸ்டெயின்' - கறை. 'ஸ்டீம்' - நீராவி. 'வைட்' - வெள்ளை.

எல்லாம் சரி. நிரப்பிய கட்டங்களும் சரி, அர்த்தமும் சரி. ஒரே ஒரு கேள்வியை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சிங்களத்தில் முனகினேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள், பிறகு அறையே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டு, வெளியே போய் இரு நங்கி, அல்லது நீயும் எழுது, பாஸானால் வேலை தருகிறோம் என்றார். வேறு நாளாக இருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன். அன்றைக்கு எனக்கு வெட்கமே வரவில்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். அப்படி ஒரு நிம்மதி. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த மலை இறங்கி நடந்து போனது போல இருந்தது.

பதினைந்து நிமிஷத்தில் அக்கா வந்தார். வந்ததும் என் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்படி நனைஞ்சு வந்து நிக்கிறீங்களே, பைத்தியமா உங்களுக்கு?"

"எப்படிக்கா? எப்படி எல்லாம் சரியா எழுதுனீங்க? நான் குடுத்தது..."

அவர் பையிலிருந்து அந்த நாலு பக்கத்தையும் எடுத்தார். என் தாள்தான், ஆனால் அடையாளமே தெரியவில்லை. நான் அச்சடித்த அர்த்தங்கள் எல்லாம் கோடு போட்டு வெட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் நீலம், சிவப்பு, பச்சை மையிலும் பென்சிலிலும் வேறு வேறு ஆட்களின் எழுத்தில் சரியான அர்த்தங்கள். ஓர் இடத்தில் மஞ்சள் கறை படிந்த விரல் அடையாளம்கூட இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பார்த்தவுடனே 'நர்ஸ்' என்ற இடத்தில் குதிரை நின்றிருக்கிறது. "நர்ஸ்ன்னா யாருன்னு தோட்டத்துல எந்தப் புள்ளைக்கும் தெரியுமே" என்று சிரித்தார் அக்கா. ஒன்று பிழை என்றால் மற்றதையும் நம்ப முடியாது. அதனால் தாளைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போயிருக்கிறார். கொழுந்து லொறி ஓட்டும் அண்ணனுக்கு 'ப்ரேக்', 'வீல்', 'ஸ்பீட்' தெரியும். தேயிலைத் தொழிற்சாலையில் இருப்பவருக்கு 'ஸ்டீம்', 'ஸ்கேல்' தெரியும். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் அக்காவுக்கு 'ஸ்பூன்', 'ப்ளேட்', 'க்ளீன்'. மருந்தகத்தில் வேலை செய்பவருக்கு 'ஸ்லீப்', 'ஃபீவர்'. அடுத்த வீட்டுக் கத்தோலிக்கப் பெண் 'க்ராஸ்', 'பீஸ்', 'ப்ளெஸ்' மூன்றையும் பார்த்தவுடன் சொல்லியிருக்கிறார். கண்டியில் ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவு செய்துவிட்டு லீவில் வந்திருந்த ஒருவர் 'ஷீட்', 'டவல்' என்று சலவைச் சொற்கள் அத்தனையையும் சொல்லிவிட்டார். காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது, வேலைக்குப் பெயர் கொடுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்திலும் ஆளுக்கு ஒரு சொல் கேட்டிருக்கிறார்.

மூன்றாம் பக்கத்தில் 'ப்ரூன்' என்று ஒரு சொல். நான் இணையத்தைப் பார்த்து அதற்கு ஏதோ உலர்ந்த பழம் என்று போட்டிருந்தேன். அங்கே பென்சிலில் 'கவ்வாத்து வெட்டுறது' என்று எழுதியிருந்தது. தேயிலைச் செடியின் கிளைகளைக் கட்டையாக வெட்டிவிடும் வேலை. என் அப்பா பாதி ஆயுசு செய்த வேலை. அதற்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் இருப்பது டிப்ளோமா படித்த எனக்குத் தெரியாது, யாரோ ஒரு கவ்வாத்துக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் என் தலைக்கனம் சரிந்து விழுந்தது.

ஆனால் எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"பிழைன்னு தெரிஞ்ச அன்னைக்கே ஏன்க்கா கடைக்கு வரல? வந்திருந்தா பத்து நிமிஷத்துல சரியா அடிச்சுக் குடுத்திருப்பேனே. இவ்வளவு பேருகிட்ட அலைஞ்சிருக்கத் தேவையில்லயே!"

அக்கா தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"வரத்தான் கெளம்பினேன் தங்கச்சி. சனிக்கெழம கடை வாசல் வரைக்கும் வந்தேன். உங்க முதலாளி உள்ள இருந்தாரு. முந்தின நாள் ஒரு தாளுக்கே அந்த ஏச்சு ஏசுனாரே, இனி ஒரு பிழைன்னா வீட்டுலயே இருன்னு. நான் இத நீட்டுனா உங்க வேலை போயிரும்ல? திரும்பிப் போயிட்டேன்."

அவர் பையை நான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

தனக்கு இருப்பது கடைசி வாய்ப்பு. பஸ் ஏறி வந்து, நோகும் முட்டியோடு வாசல் வரை நடந்து வந்து, ஒரு வார்த்தை கேட்டால் கிடைத்துவிடும் என்று தெரிந்தும் திரும்பிப் போயிருக்கிறார். முன்பின் தெரியாத எனக்காக. நான் அறையில் எழுந்து நின்று பிழையைச் சொன்னபோது அவர் தலையை ஆட்டியதும் அதற்குத்தானாம். இங்கே யாராவது கடை முதலாளிக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் என்ன செய்வது என்று பயந்தாராம்.

இரண்டு பேரும் ஒன்றாகவே கம்பளைக்குத் திரும்பினோம். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வெறுமையாக விட்ட அந்த ஒரு சொல்லைப் பற்றியும், அவருடைய மகளைப் பற்றியும், நான் பிறந்த தோட்டத்தைப் பற்றியும் பேசினோம். ஆமாம், நானாகவே சொன்னேன். கேட்டதும், "அப்படியா! எங்க பெரியம்மா வீடு அங்கதானே" என்று ஆரம்பித்து பேராதனை வரை ஒரே உறவுமுறைதான்.

கடையில் அன்ட்டி போயிருந்தார், முதலாளி இருந்தார். இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று நடந்ததை அப்படியே சொன்னேன். நன்றாக ஏசினார். அரை மணி நேரம் ஏசியிருப்பார். ஆனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. கடைசியில், "அந்தப் பட்டியலைச் சரியா அடிச்சு அந்த முஸ்லிம் அம்மாவுக்குக் கொண்டு போய்க் குடு" என்று மட்டும் சொன்னார். அந்த மனுஷனுக்குள்ளும் ஏதோ ஈரம் இருக்கிறது போலிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து அக்கா கடைக்கு வந்தார். வேலைக் கடிதத்தைக் கொப்பி எடுக்க வேண்டுமாம். மெஷினைத் துடைத்து, ஒரு கோடு விழாமல் எடுத்துக் கொடுத்தேன். இப்போது தினமும் காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் எங்கள் கடையைக் கடந்துதான் போகிறது. நான் வருமுன்பே போய்விடுவதால் பார்க்கக் கிடைப்பதில்லை. பின்னேரம் திரும்பும்போது மட்டும் ஜன்னலில் ஒரு கை அசையும்.

என் தோழிகள் இந்தக் கதையைக் கேட்டால், நீ நல்லவள், அந்த மழையில் அவ்வளவு தூரம் ஓடினாயே என்று சொல்வார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். அன்று நான் அந்த அக்காவைக் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்துத்தான் ஓடினேன். ஆனால் நான் ஓடுவதற்கு நாலு நாள் முன்பே, அந்தச் சனிக்கிழமை, கடை வாசலில் இருந்து பேசாமல் திரும்பி நடந்து அவர் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போயிருந்தார்.